போர் நிற்கும் வரை

அண்ணே, அந்தப் பைய இப்பிடிக் குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். கால் சந்துல கெடந்து அதுவும் நசுங்குது, நீங்களும் நசுங்குறீங்க. சும்மா குடுங்க. தூக்கிட்டு ஓடணும்னாலும் ஒங்களத் தாண்டித்தான ஓடணும்.

ராமநாதபுரத்துல ஏறுனீங்கள்ல? நான் பரமக்குடியிலருந்து வர்றேன். இந்த சீட்டுல ஒரு அம்மா ஒக்காந்திருந்துச்சு. நான் ரெண்டு வார்த்தை பேசுனேன், எந்திரிச்சுப் பின்னாடி போயிருச்சு. இங்க காத்து வரலையாம். சன்னலு தொறந்துதான் கெடக்கு, பாத்துக்கங்க.

எங்க எறங்கணும் நீங்க? மண்டபமா? அட, நானும் மண்டபந்தான். அப்ப ஒரு மணி நேரம் இருக்கு. தூக்கம் வந்தாத் தூங்குங்கண்ணே, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவேன். தூங்குற ஆளுங்க முன்னாடி பேசி நல்ல பழக்கம். கட்சிக்காரன் நான்.

பேச்சாளர்னு நெனச்சிராதீங்க. பேச்சாளர் வர்ற வரைக்கும் பேசறவன். அப்பிடி ஒருத்தன் இருக்கான்னே யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்குக் கூட்டம்னு நோட்டீஸ் அடிப்பாங்க. தலைவர் ஒம்பதுக்கு வருவாரு. நடுவுல இருக்கற மூணு மணி நேரத்துக்கு சனத்த யாரு புடிச்சு வைக்கறது? நான்தான். மிமிக்ரி பண்ணுவேன், எதிர்க்கட்சிக்காரன் மாதிரி நடந்து காட்டுவேன், செய்தி வாசிப்பேன். கார் லைட்டு தெரிஞ்சதும், பாதி வார்த்தையில மைக்க விட்டுட்டு எறங்கிரணும். பாலிடெக்னிக்க ரெண்டாவது வருசத்துல விட்டவன்தானே, பாதியில எறங்கறது நமக்கு வரும்.

பேரு பூமிநாதன். அம்மா திருப்பூர்ல தங்கச்சி வீட்டுல இருக்கு. நான் கட்சி ஆபீஸ்ல. தங்கறது, தூங்கறது, தலைக்குக் கொடிய மடிச்சு வச்சுக்கறது எல்லாம் அங்கதான். கூட சேவுகன்னு ஒருத்தன். அவனப் பாக்கத்தான் இப்பப் போறேன்.

இல்ல, சொந்தக்காரன்லாம் இல்ல. அவன் கொழாய் ஸ்பீக்கர் கட்டுவான், நான் பேசுவேன். அம்புட்டுதான். கம்பத்துல ஏறி மேல ஒக்காந்துக்கிட்டு ஒத்தக் கையக் காட்டுவான், அப்பிடின்னா பேசலாம்னு அர்த்தம். மத்தபடி வாயே தொறக்க மாட்டான். ஒரு வருசத்துக்கு எனக்குத் தெரிஞ்சு நாப்பது வார்த்தை பேசிருப்பான். அதுல முப்பது 'சாப்ட்டியாடா'. போஸ்டரும் அவன்தான் ஒட்டுவான். மேல ஒரு தடவ பசையத் தடவி பிரஷ்ஷால தேய்ப்பாங்கள்ல, அந்த இலங்கச் சண்டை போஸ்டர் வந்தப்ப மட்டும் பிரஷ்ஷ வைக்க மாட்டேன்னுட்டான். படத்துல சின்னப் புள்ளைக இருந்துச்சு. அதுக மூஞ்சிய உள்ளங்கையால நீவி நீவி ஒட்டுறான். ஏன்டா, விடிஞ்சு ஆடு வந்து திங்கப் போகுது, அதுக்கு இம்புட்டுப் பக்குவமான்னேன். அவன் பாட்டுக்கு நீவுறான்.

அந்தச் சண்டையிலதாண்ணே எங்க கட்சி ரெண்டாப் போச்சு. ரெண்டு பேருமே சண்டைய நிப்பாட்டுன்னுதான் சொன்னாங்க. எப்பிடி நிப்பாட்டச் சொல்றதுங்கறதுலதான் சண்டை. டெல்லியில எங்களுக்கு ரெண்டு எம்.பி., ஆளுங்கூட்டணியில. அவங்க உள்ள இருக்கணுமா, ராஜினாமா பண்ணிட்டு வெளிய வரணுமா?

நகரச் செயலாளர் சௌந்தரபாண்டி, உரக்கடை வச்சிருக்கவரு, அவரு உள்ள இருக்கணும்ங்கற ஆளு. "உள்ள இருந்தாத்தான்யா நாலு வார்த்தை காதுல போட முடியும். வெளிய வந்துட்டா வாசல்ல நிக்கற வாட்ச்மேன்கூட வணக்கம் சொல்ல மாட்டான்."

இளைஞரணி வக்கீல் அமுதன் எந்திரிச்சாப்ல. "ஆறு மாசமாக் காதுல போட்டீங்களே, இன்னும் அந்தக் காதுக்குள்ள எடம் இருக்கா? மானம் இருந்தா வெளிய வரச் சொல்லுங்க."

"ஏன்டா, அந்த சீட்டு காலியாச்சுன்னா நீ நிக்கலாம்னா?"

"ஒங்க உரக்கடை லைசென்ஸு போயிரும்னு பயமாண்ணே?"

நாற்காலி பறந்துச்சு. பிளாஸ்டிக் நாற்காலிதான், யாருக்கும் அடியில்ல. மறுநா ஆபீஸ் கதவுல ரெண்டு பூட்டு. அவரு ஒண்ணு போட்டாரு, அதுக்கு மேல இவரு ஒண்ணு. எங்க துணிமணி, சோப்பு டப்பா எல்லாம் உள்ள. நானும் சேவுகனும் வெளிய. அன்னிக்குப் பூரா அவன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்: "அங்க நெசமாவே சாகுறாங்கல்லடா?" "இல்ல, சும்மா போட்டோவுக்கு நிக்கறாங்க"ன்னேன். நம்மளுக்கு அப்பிடித்தான் வரும். அவன் சிரிக்கல.

அவன் அமுதன் பக்கம் போயிட்டான். நான் ரெண்டு பக்கமும் போனேன். அதுல என்ன தப்பு? ரெண்டு பேருக்கும் கூட்டம் சேக்க ஆளு வேணும். காலையில இங்க 'உள்ளிருந்தே உரிமை கேட்போம்'னு பேசுவேன், சாயந்தரம் அங்க 'ஓடி வா வெளியே'ன்னு பேசுவேன். ஒருத்தரும் என்னைக் கோவிக்கல தெரியுமா? ஊர்ல ரெண்டு கோஷ்டிக்கும் பொதுவான ஒரே ஆளு நான்தான். "பூமி நம்ம ஆளுய்யா"ன்னு ரெண்டு பேரும் சொல்வாங்க. யாரு வீட்டுக்கும் சாப்பிடக் கூப்பிட மாட்டாங்க, அது வேற விசயம்.

அப்பத்தான் மாசி மாசத்துல உண்ணாவிரதம்னு வந்துச்சு. சௌந்தரபாண்டி அண்ணன் பழைய பஸ் ஸ்டாண்டுல பந்தல் போட்டு, 'ஒரு நாள் அடையாள உண்ணாவிரதம்'னு பேனர் கட்டிட்டாரு. அத அமுதன் பாத்தாப்ல. அதே நாள், எதுத்தாப்லயே இன்னொரு பந்தல். அவரு ஒரு நாள்னா நாம கொறைச்சுப் போட முடியுமா? 'போர் நிற்கும் வரை உண்ணாவிரதம்'னு பெருசா அடிச்சாச்சு. பேனருக்குத்தாண்ணே அது. காலையில எட்டு மணிக்கு ஒக்காந்து அஞ்சு மணிக்குப் பழரசம் குடிச்சு எந்திரிக்கறதுதான் வழக்கம், ஊருக்கே தெரியும். பழரசம் குடுக்க ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர்கிட்டக்கூடச் சொல்லி வச்சாச்சு. பந்தல்ல ஆளு கொறையுதுன்னு கொழாய் கட்ட வந்த சேவுகனையும் கையப் புடிச்சு ஒக்கார வச்சாங்க. எண்ணிக்கைக்கு.

அஞ்சு மணி ஆச்சு. எல்லாரும் டம்ளர வாங்கிக் குடிக்கறாங்க. சேவுகன் வாங்கல. வாத்தியார் நீட்டிக்கிட்டே நிக்கறாரு. "குடிப்பா தம்பி." இவன் மேல பேனரக் காட்டுறான். "இன்னும் நிக்கலையே"ங்கறான்.

அண்ணே, நான் எதுத்த பந்தல்ல மைக்கோட நிக்கறேன். எனக்கு வாய் நிக்குமா? "தம்பிக்கு ஆரஞ்சு ஆகாது, ஒரு சாத்துக்குடி பாருங்கப்பா"ன்னேன். பஸ் ஸ்டாண்டே சிரிச்சுச்சு. அவன் என்னைப் பாத்தான். சரி, ராத்திரி பசிச்சா எந்திரிச்சிருவான்னு விட்டாச்சு.

எந்திரிக்கல.

மறுநாளும் ஒக்காந்திருக்கான், அதுக்கு மறுநாளும். அமுதனுக்கு ஒரே கொண்டாட்டம். "எங்க பந்தல்ல ஒரு தியாகி"ன்னு கேபிள் டிவிய வரச் சொல்லிட்டாப்ல. சௌந்தரபாண்டி அண்ணன், "ராத்திரியில பரோட்டா திங்கறான்யா அவன்"ன்னாரு. ரெண்டுக்கும் நான்தான் மைக்கு. ராத்திரியில அவன் பக்கத்துல போயி ஒக்காருவேன். பேசுவேன், என்னத்தயாவது. அவன் தண்ணிய மட்டும் மடக்கு மடக்கா முழுங்கிட்டு, "நீ சாப்ட்டியாடா"ம்பான். பட்டினி கெடக்கறவன் கேக்கற கேள்வியா அது? நான் தின்னுட்டுத்தான் வந்திருப்பேன். இல்லன்னு சொல்லிருவேன்.

அப்பறம் தலைவர் அறிக்கை விட்டாரு. கூட்டணியில இருப்போம், ஆனா வருத்தத்தோட இருப்போம்னு. அதுல ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துச்சு. சௌந்தரபாண்டி 'இருப்போம்'ங்கறத எடுத்துக்கிட்டாரு, அமுதன் 'வருத்தத்த' எடுத்துக்கிட்டாப்ல. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சு போட்டோ. பூட்டு ரெண்டும் தொறந்தாச்சு. பந்தக்காரன் வந்து துணிய அவுக்கறான். கீழ ஒருத்தன் படுத்திருக்கான், அவன் தலைக்கு மேல கீத்துப் பிரிக்கறாங்க. ஒருத்தரும் அவன்கிட்ட வந்து முடிஞ்சிருச்சுப்பான்னு சொல்லல. முடியலையே, எப்பிடிச் சொல்றது?

அப்பத்தான் என்னைக் கூப்ட்டாங்க. "பூமி, ஒன் சோடிதானடா. எப்பிடியாவது குடிக்க வச்சிரு. செத்துகித்துத் தொலைஞ்சான்னா தலைவர் வர்ற நேரத்துல அசிங்கம்."

போனேன். ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. கண்ணு மட்டும் பேனர்லயே இருக்கு, பாதி அவுந்த பேனரு. மடியில தூக்கி வச்சுக் கெஞ்சலாம். அதெல்லாம் நமக்கு வராதுண்ணே, நம்ம கையில வர்றது ஒண்ணுதான். மைக்க எடுத்தேன். செய்தி வாசிக்கறவரு கொரல் எனக்கு அச்சா வரும், ஊர்ல கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா ரேடியோம்பாங்க. இருங்க, இப்பிடித்தான் சொன்னேன்: 'வணக்கம். சற்று முன் கிடைத்த செய்தி. இலங்கையில் போர் நிறுத்தப்பட்டது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து, மக்கள் வீடு திரும்பி...'

அண்ணே. அண்ணே, என்ன, கைய விடுங்க, வலிக்குது. என்னது? 'எப்ப நிண்டது'வா? இல்லண்ணே. நிக்கல. நான் அன்னிக்குச் சொன்னதத்தான் சொல்லிக் காட்டுனேன். சும்மா. கொரலு மட்டுந்தான். ஒண்ணும் நிக்கலண்ணே, ஒக்காருங்க. பின்னாடி பாக்கறாங்க, ஒக்காருங்க.

தண்ணி குடிக்கறீங்களா?

நீங்க எந்த ஊரு? பேசறதக் கேட்டு நாகர்கோவில் பக்கம்னு நெனச்சேன். கிளிநொச்சியா.

அப்ப மண்டபங்கறது... அகதிக் கேம்ப்புக்குப் போறீங்க. சரி. சரிண்ணே.

எப்ப வந்தீங்க? போன வருசமா. படகுலயா. வீட்டுல எல்லாருமா? மகள் மட்டும் அங்கயா. நீங்க அவளக் கூட்டியாறதுக்குள்ள ரோட்ட அடைச்சுட்டாங்களா. போன் ஏதும்... இல்ல, வராதுல்ல. நான் ஒரு கிறுக்கன், போன் எங்கருந்து வரும்.

ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊர்ல ரெண்டு பந்தல் போட்டோம்ல, அதெல்லாம் ஒங்க பக்கம் தெரியுமா? தெரியாதா. ஒரு பந்தல்கூடவா? சௌந்தரபாண்டி அண்ணன் பேரு, அமுதன் பேரு, எதுவும் கேள்விப்படலையா. இல்ல, தெரியாதுதான். எப்பிடித் தெரியும். நான் சும்மா கேட்டேன்.

உச்சிப்புளி தாண்டிருச்சு பாருங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்.

சொல்லவா மிச்சத்த? வேணாம்னா நிப்பாட்டிக்கறேன். சொல்லவா. சரி.

அவன் குடிச்சுட்டாண்ணே. நான் சொன்னதும் எந்திரிக்கப் பாத்தான், முடியல. "நெசமாவா"ன்னு ஒதடு மட்டும் ஆடுச்சு. நெசந்தான்டான்னேன். டம்ளர ரெண்டு கையால புடிச்சு, கண்ணுல தண்ணி வழிய வழியக் குடிச்சான். அங்கன நின்னவங்க கை தட்டுனாங்க. அம்புட்டுப் பெரிய ஆளுங்களாலயே முடியாதத நான் முடிச்சேன். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துனாங்க. டாக்டரே சொன்னாரு, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்னு. நீங்களே சொல்லுங்க, உசுரக் காப்பாத்துனது யாரு?

அந்த வார்டுல பக்கத்துக் கட்டில்காரன் ரேடியோ வச்சிருந்தான். நான் இட்லி வாங்கிட்டுப் போறேன், இவன் செவுத்தப் பாத்துப் படுத்துட்டான். "டேய், சட்னி ஆறுது"ன்னேன். திரும்பாமலே சொன்னான், "ஊருக்கெல்லாம் சொல்லுவ. என்கிட்டயுமாடா?" அவ்வளவுதான். அதுக்கப்பறம் ஒரு பேச்சு இல்ல. ஆஸ்பத்திரியிலருந்து அப்பிடியே போயிட்டான். ஊருக்கு வரவே இல்ல. மண்டபத்துல ஐஸ் கம்பெனியில இருக்கான்னு அவங்க அக்காதான் சொல்லுச்சு.

என்கிட்டயுமான்னா என்னண்ணே அர்த்தம்? மத்தவன்கிட்டச் சொல்லலாம், அவன்கிட்டச் சொல்லக் கூடாதா? அவன் என்ன ஒசத்தி? ரெண்டு மாசமா யோசிச்சுப் பாக்கறேன். செத்துப் போடான்னு விட்டிருக்கணுமா நான்?

எனக்கும் அதோட முடிஞ்சுதுண்ணே. அடுத்த கூட்டத்துல 'தலைவர் வந்துகொண்டே இருக்கிறார்'ங்கறேன், கீழருந்து ஒருத்தன் 'போர் நின்ன மாதிரியா'ங்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. நான் சிரிக்க வைக்காத சிரிப்பு அது. நாலு கூட்டம் அப்பிடி ஆச்சு. அப்பறம் மதுரையிலருந்து ஒரு டிவி பையனக் கூட்டியாந்துட்டாங்க. ஆபீஸ்ல தூங்கறதும் வேற ஆளு. நான் மைக்செட் கடையில படுத்துக்கறேன். காலையில எந்திரிச்சா மத்தியானம் வரைக்கும் பேச ஆளு இல்ல. ஸ்பீக்கருக்குள்ள வாய வச்சு 'சேவுகா, சாப்ட்டியாடா'ன்னு கேட்டுப் பாப்பேன். நல்லாக் கணீர்னு திரும்பி வரும். சிரிக்கலாம்ணே, சிரிப்புக்குத்தான் சொல்றேன்.

இப்பத் தேர்தல் வந்திருச்சுல்ல. தலைவர் அடுத்த வாரம் வர்றாரு. மேடையில அந்தத் தியாகி வேணுமாம். ரெண்டு பேரும் தனித்தனியா வந்து சொல்றாங்க, அவனக் கூட்டியாந்தா மறுபடி மைக்க ஒனக்கே தர்றேன்னு. அதுக்குத்தான் போறேன். கட்சி வேலையா. வேற ஒண்ணும் இல்ல. ஐஸ் கம்பெனிக்குப் போன் போட்டு கணக்கப்புள்ளகிட்டச் சொன்னேன், பூமி நாலு மணி வண்டியில வர்றான், கேம்ப் ஸ்டாப்புக்கு வரச் சொல்லுங்கன்னு. 'சொல்றேன்'னு வச்சுட்டாரு. அவன் வருவானா மாட்டானான்னு தெரியாது. வந்து நின்னான்னா என்கூடப் பேசுவான்னு அர்த்தம். வரலைன்னா எதுத்த பஸ்ல ஏறி ஊருக்குப் போயிருவேன்.

வந்தா மொத வார்த்தை என்ன சொல்றதுன்னு பரமக்குடியிலருந்து யோசிச்சிட்டு வர்றேன். நல்ல நல்ல ஜோக்கா மூணு எடுத்து வச்சிருந்தேன். இப்ப ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்குது.

கடல் தெரியுது. நெருங்கிட்டோம். இந்தாங்க, ஒங்க பை. மருந்தா உள்ள? ஆறு மணிக்குள்ள கேம்ப்புல போயிக் கையெழுத்துப் போடணுமா. ஸ்டாப்புலருந்து உள்ள ரொம்ப தூரமா? இந்தக் காலோடயா நடந்தே போவீங்க?

அண்ணே, ஒரு நிமிசம், எந்திரிக்காதீங்க. அந்த வேப்ப மரத்துக்குக் கீழ பாருங்க. நீலச் சட்டை. அவன்தான்.

வந்திருக்கான்.

எளச்சுப் போயிட்டான். முடியெல்லாம் ஒட்ட வெட்டிருக்கான். சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நிக்கறான் பாருங்க, பஸ்ஸோட முன்வாசலப் பாக்கறான். நான் முன்னாடிதான் எறங்குவேன்னு தெரியும் அவனுக்கு. நீங்க கொஞ்சம் இப்பிடி மறைச்சு நில்லுங்க. இல்ல, நான் குனிஞ்சுக்கறேன்.

எறங்குவேண்ணே. எறங்காம என்ன. நாளைக்கு வந்து எறங்கறேன். இன்னிக்கு எனக்கு வாய்ல ஒண்ணும் இல்ல. 'கட்சியில கூப்பிடறாங்க'ன்னா சொல்றது அவன்கிட்ட? 'இன்னும் நிக்கலடா'ன்னு சொல்லவா? நீங்க எறங்குங்க, கண்டக்டர் விசில் அடிச்சிருவாரு.

அண்ணே. பின்வாசல்லயும் பாக்கறான். சைக்கிள் கேரியரப் பாருங்க, துண்ட நாலா மடிச்சுப் போட்டிருக்கான். பின்னாடி ஒக்கார்றவனுக்குக் குத்தக் கூடாதுன்னு.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. நேரா அவன்கிட்டப் போங்க. என்னையப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். கேம்ப்புக்குப் போகணும், காலு முடியலன்னு மட்டும் சொல்லுங்க. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டான், ஏத்திக்குவான். ஊரப் பத்திக் கேட்டான்னா, மகளப் பத்தி உள்ளத உள்ளபடி சொல்லிருங்க, அவன்கிட்ட மட்டும்.

பைய மடியில வச்சுக்கங்கண்ணே. ஒரு கையால அவன் இடுப்பப் புடிச்சுக்கங்க. மேட்டுல பேச்சுக் குடுக்காதீங்க, அவனுக்கு மூச்சு வாங்கும்.